கட்டட வேலைக்குச் சப்பாத்து: எட்டாயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

மட்டக்களப்பு, செங்கலடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கு மாதமாகச் சைட் ஒன்றில் கம்பி கட்டும் பாஸுக்குக் கையாளாக நிற்கிறாராம். முதல் சம்பளத்தில் வாங்கிய சப்பாத்து ஒன்பதாவது கிழமையில் வாயைப் பிளந்துவிட்டது. பின்னேரம் ஆனால் உள்ளங்கால் எரிகிறது, சுண்டுவிரலில் தோல் உரிகிறது. இந்த முறை எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார். இரும்பு மூக்கு வேண்டுமா, தோலா ரெக்சினா, எந்தப் பெயர் போட்ட சப்பாத்து நல்லது என்பதுதான் அவருடைய கேள்வி.

தம்பி, பெயரைக் கடைசியில் பார்ப்போம். நான் சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் எழும்பிய காலத்தில் சைட் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தவன். கல்லடி, மருதமுனை, திருக்கோவில் என்று சைட் மாற மாற ஸ்டோரும் மாறும், வேலை மாறாது. சீமெந்து, கம்பி, ஆணி கொடுப்பது போலச் சப்பாத்தும் நான்தான் கொடுப்பேன். பழையதைத் திருப்பித் தந்தால்தான் புதியது. அப்படி வந்த பழைய சப்பாத்துகள் ஸ்டோரின் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். எனக்குச் சப்பாத்தைப் பற்றித் தெரிந்ததில் பாதி அந்தக் குவியல் சொல்லித் தந்தது. அடி தேய்ந்து வழுவழுத்துப் போன சோடி அதில் அபூர்வம். பசை விட்டது, அடி பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, நனைந்து காய்ந்து தோல் வெடித்தது, இவைதான் நிறைய. எங்கள் பக்கத்தில் சப்பாத்து நடந்து தேய்வதற்கு முன்னமே நனைந்தும் வெந்தும் போய்விடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில், ஐப்பசி கார்த்திகை பிறந்தால் மாரி மழை. இரண்டுக்கும் நடுவில் நின்று தாக்குப்பிடிக்குமா என்று பார்த்துத்தான் எதையும் வாங்க வேண்டும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அடியும் மேல்பகுதியும் சேரும் இடம். சப்பாத்தைப் பக்கவாட்டில் பிடித்து அந்த ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டு வேலை என்றால் மெல்லிய கோடு ஒன்று சுற்றிவரத் தெரியும், சில இடங்களில் பசை வழிந்து காய்ந்திருக்கும். முன்பக்கத்தை இலேசாக மடக்கினால் அந்தக் கோடு சற்றே திறந்து மூடும். உங்கள் ஒன்பது கிழமைச் சப்பாத்து இந்த வகையாகத்தான் இருந்திருக்கும். பசைக்குச் சூடும் ஆகாது, ஊறலும் ஆகாது. நடுப்பகல் சிலாப்பின் மேல் நின்று வேலை செய்துவிட்டு, பின்னேரம் கொங்கிறீட் இறுக ஊற்றிவிடும் கியூரிங் தண்ணீரில் கால் வைத்தால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இரண்டாவது வகையில் அடிப்பொருளை உருக்கி, அச்சுக்குள் மேல்பகுதியோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். கோடு இருக்காது. அடி தோலின் மேல் கொஞ்சம் ஏறி, அதிலேயே முளைத்தது போலப் பிடித்திருக்கும். இப்போது கடைகளில் சேப்டி சூ என்று விற்பதில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. உங்கள் காசுக்கு இதுதான் சரி. பசை விடும் தொல்லை குறைவு. ஆனால் அடி போனால் முழுச் சப்பாத்தும் போனதாகத்தான் அர்த்தம், மாற்று அடி போட முடியாது. மூன்றாவது, அடியைச் சுற்றித் தடித்த நூலால் தைத்த வகை. அடி தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியது போடலாம், நல்ல சாமான்தான். எட்டாயிரத்துக்குள் வராது, வந்தாலும் உண்மையான தையலா அழகுக்கு ஓடவிட்ட தையலா என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒட்டு வேலைச் சப்பாத்தைத் தவிர வேறு வழியில்லை என்றால் ஊரில் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. வாங்கிய கையோடு, கால் போடுவதற்கு முன்னமே, சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து நைலோன் நூலால் சுற்றித் தைத்துக்கொள்வது. பிய்ந்த பிறகு தைப்பதை விட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் பசையும் நூலும் சேர்ந்து இழுக்கின்றன. ஆனால் எல்லா அடியும் தையலுக்குத் தோதுப்படாது. கிண்ணம் மாதிரி ஓரம் எழும்பி நிற்கும் றப்பர் அடிக்குத்தான் ஊசி பிடிக்கும். வார்த்த பஞ்சு அடியில் ஊசி போட்டால் ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போய், நாமே காசு கொடுத்து அதைக் கெடுத்ததாக முடியும்.

இனி அடி என்ன பொருளில் செய்தது என்பது. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கடைக்காரர் பி.யூ. என்று சொல்வது பொலியுரேத்தேன். பாரம் குறைவு, நடக்க மெத்தென்று இருக்கும், எண்ணெய் பட்டாலும் தாங்கும். நாள் முழுக்க நிற்கிறவனுக்கு முதல் நாளே பிடித்துப்போகும். அதற்கு ஒரு வியாதி இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அந்தப் பொருளின் கட்டமைப்பையே உடைத்துக்கொண்டிருக்கும். கால் போடாமல் பெட்டிக்குள் வைத்தாலும் உடைக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த ஊரில் இது இன்னும் வேகம்.

என் மச்சான் கட்டாரிலிருந்து வந்தபோது கொம்பனி கொடுத்த சப்பாத்து ஒன்றைப் பிரிக்காத பெட்டியோடு கொண்டுவந்தான். நல்ல சாமான், பிறகு போடலாம் என்று அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தது ஐந்து வருடம் அங்கேயே இருந்தது. ஒரு கொங்கிறீட் நாளில் நான் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணிக்குக் குதிகால் இளகியது. பன்னிரண்டு மணிக்கு அடி துண்டு துண்டாகச் சைட் முழுக்கக் கிடந்தது, நான் மேல்தோலோடு நின்றுகொண்டிருந்தேன். பையன்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வந்து, "ஸ்டோர் ஐயா, இதையும் கணக்கில் எழுதுங்க" என்று கொடுத்தார்கள். தவறு செய்தவனும் இல்லை, மட்டமான சாமானும் இல்லை. அதற்கு வயது போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே பி.யூ. அடி வாங்குவதென்றால் செய்த திகதியைப் பாருங்கள். ஒழுங்கான சேப்டி சப்பாத்து என்றால் செய்த வருடமும் மாதமும் அதிலேயே இருக்க வேண்டும். சிலவற்றில் நாக்கின் உட்புறம் தைத்த சீட்டில் இருக்கும். சிலவற்றில் அடியில் சின்ன மணிக்கூடு மாதிரி வட்டம் ஒன்று இருக்கும், நடுவில் வருடம், சுற்றிவர மாத எண்கள், அம்புக்குறி மாதத்தைக் காட்டும். ஒன்றரை, இரண்டு வருடத்துக்குள் என்றால் துணிந்து வாங்கலாம். அதற்கு மேல் என்றால் பாதி விலைக்குத் தந்தாலும் யோசிக்க வேண்டும். "பழைய ஸ்டொக், மலிவாகத் தருகிறேன்" என்ற பேச்சில் மயங்கிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சப்பாத்துக்கும் இதே கணக்கு. நல்லதுதான், பெட்டியில் பூட்டி வைக்காமல் உடனே போட வேண்டும்.

றப்பர் அடிக்கு இந்த உதிரும் வியாதி கிடையாது. பாரம் கூட, முதல் கிழமை கால் இழுக்கும். ஆனால் ஈரமான பலகையில் பிடிப்பு நன்றாக இருக்கும், கூரான கல்லில் சில்லுச் சில்லாகப் பெயராது. சூட்டுக்கும் றப்பர்தான். எச்.ஆர்.ஓ. என்ற எழுத்து அடியில் இருந்தால், 300 பாகை சூட்டைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தாலும் தாங்கும்படி சோதித்தது என்று பொருள். தார் போடுகிற வேலை, வெல்டிங் இவற்றுக்கு அந்த எழுத்தைத் தேட வேண்டும். உள்ளே பி.யூ., வெளியே றப்பர் என்று இரண்டு அடுக்காக வருவதும் உண்டு, அது கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் காசுக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். சந்தையில் மலிவாகத் தொங்குகிற பாரமில்லாத நுரை அடி, அதாவது ஓடுகிற சப்பாத்தில் வருவது, கட்டட வேலைக்கு வேண்டாம். இரண்டு மாதத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும், ஆணியும் சுலபமாக ஏறும்.

ஆணி என்றதும் உங்கள் இரும்பு மூக்குக் கேள்விக்கு வருகிறேன். சேப்டி சப்பாத்துக்கு ஐ.எஸ்.ஓ. 20345 என்று உலக அளவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன்படி மூக்குத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். இருபது கிலோப் பாரம் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நசுக்குவது என்றால் ஒன்றரைத் தொன் அளவு. கம்பிக் கட்டு இறக்கும்போதும் கல் ஏற்றும்போதும் இது விரலைக் காப்பாற்றும். பெரிய கொந்திராத்துக்காரரின் சைட் என்றால் இது இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆக, வேண்டுமா என்றால் வேண்டும்.

ஆனால் கம்பி கட்டும் இடத்தில், சட்டரிங் (கொங்கிறீட்டுக்கு அடிக்கும் பலகை) கழற்றும் இடத்தில், மூக்கை விட அடித்தகடு முக்கியம் என்பது என் எண்ணம். மேலே இருந்து காலில் விழுந்த சாமானை விட, கீழே கிடந்த பலகை ஆணி ஏறியதுதான் என் முதலுதவிப் புத்தகத்தில் அதிகம். கழற்றிய பலகையை ஆணி மேலே பார்க்கப் போட்டுவிட்டுப் போவது நம் ஆட்களுக்குப் பழக்கம். ஏறினால் ஆஸ்பத்திரி, ஏற்பு ஊசி, மூன்று நாள் கூலி போய்விடும். சில சமயம் புண் சீழ் பிடித்து மூன்று கிழமையும் போகும். இதற்குத்தான் அடிக்குள் ஆணி ஏறாத தகடோ தடித்த நெசவோ வைக்கிறார்கள். தகடு மெல்லிய ஆணியையும் மறிக்கும், ஆனால் விறைப்பு. நெசவு வளைந்து கொடுக்கும், நடக்கச் சுகம், மெல்லிய ஆணிக்குச் சற்றுப் பலம் குறைவு. உங்கள் வேலைக்கு நான் தகட்டைத்தான் சொல்வேன்.

இதைச் சப்பாத்திலுள்ள எழுத்திலேயே தெரிந்துகொள்ளலாம். எஸ் 1 என்றால் மூக்குத் தொப்பி உண்டு, குதிகாலில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை உண்டு, ஆணித்தடை கிடையாது. எஸ் 1 பி என்றால் ஆணித்தடையும் உண்டு. எஸ் 3 என்றால் அதோடு மேல்பகுதி தண்ணீரைச் சுலபத்தில் உறிஞ்சாது, அடியில் ஆழமான பல் வெட்டும் இருக்கும். எஸ் 3 கிடைத்தால் நல்லது, எஸ் 1 பி என்றாலும் போதும், வெறும் எஸ் 1 உங்களுக்குக் குறை. புதிய பதிப்பில் பி என்ற எழுத்தை மாற்றி பி.எல்., பி.எஸ். என்றும் போடுகிறார்கள். அவை நெசவுத் தடைக்கு வருகிறவை, பி.எஸ். என்பது மெல்லிய ஆணியை வைத்துச் சோதித்தது. எழுத்து பெட்டியில் மட்டும் இருந்து சப்பாத்தில் இல்லை என்றால் நம்ப வேண்டாம், பெட்டி யாரும் அடிக்கலாம். ஒன்றுமே எழுதாத சப்பாத்தை "உள்ளே இரும்பு இருக்குது" என்று காட்டுவார்கள். இருக்கலாம், அது தகரமா உருக்கா என்பது கல் விழுந்த பிறகுதான் தெரியும். மின்சார வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க இன்னொன்று: அன்டிஸ்டற்றிக் (உடம்பில் சேரும் நிலைமின்னை வெளியேற்றுவது) என்று எழுதியிருந்தால் கரண்ட் அடிக்காது என்று பொருள் அல்ல. அதற்கென்று தனியாக வரும் சப்பாத்து வேறு.

மேல்பகுதிக்கு வருவோம். தோல் நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும், தோல் என்று விற்பதெல்லாம் ஒரே தோல் இல்லை என்பதுதான் தெரியாது. மாட்டுத்தோலின் மேற்படலம் கெட்டி. அதைச் சீவி எடுத்த பிறகு கீழே மிஞ்சும் படலத்தில் பிளாஸ்டிக் பூச்சுப் பூசி, மேலே கோடு கீறி, அதையும் தோல் என்றே விற்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் மடிப்பில் பூச்சு உரிந்ததும் உள்ளிருந்து தும்பு எழும்பும், தண்ணீர் நேரே ஏறும். விரல் மடியும் இடத்தில் கட்டை விரலால் அமத்திப் பாருங்கள். நல்ல தோல் என்றால் மெல்லிய சுருக்கங்கள் விசிறி மாதிரிப் பரவும். பூச்சு என்றால் தோல் மொத்தமாகக் குழிந்து, விட்டதும் ரப்பர் போல் எழும்பும். ரெக்சின் மழைக்குப் பரவாயில்லை, வெயிலுக்கு ஆகாது. உங்கள் கால் எரிவில் ஒரு பங்கு அதனாலேயே இருக்கலாம், கால் வேர்க்கிறது, வேர்வை வெளியேற இடமில்லை. வலைத்துணி வைத்த மெல்லிய சேப்டி சூ காற்றோட்டம்தான், ஆனால் சீமெந்துத் தூளும் மணலும் நாள் முழுக்க உள்ளே போகும். ஸ்டோரில் இருக்கிற என்னைப் போன்றவனுக்குச் சரி, சிலாப்பில் நிற்கிறவனுக்கு இல்லை.

இனி அளவு. இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் அளவு பிழைத்தால் காசு தண்ணீரில் போனது மாதிரித்தான். நாங்கள் சின்ன வயதிலிருந்து வெறுங்காலும் செருப்புமாக நடந்தவர்கள். எங்கள் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். கடைக்கு வரும் சப்பாத்து பெரும்பாலும் ஒடுங்கின அச்சில் செய்தது. சாதாரணச் சப்பாத்து என்றால் தோல் போகப் போக அகலும். இரும்பு மூக்கு ஒரு நூல்கூட அகலாது. உங்கள் சுண்டுவிரல் உரிவதற்குக் காரணம் அநேகமாக அந்தத் தொப்பியின் விளிம்புதான். "போட்டுப் போட்டுச் சரிவரும்" என்று கடைக்காரர் சொன்னால், அது மற்றப் பகுதிக்கு உண்மை, மூக்குக்கு உண்மையில்லை. சுண்டுவிரல் முட்டுகிறதே என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவதும் பிழை. நீளம் கூடும், அகலம் கொஞ்சம்தான் கூடும், குதிகால் உள்ளே ஆடி அங்கே ஒரு புதுக் கொப்புளம் வரும். மூக்கு வட்டமாக, அகலமாக இருக்கும் வேறு மாதிரியைத் தேடுவதுதான் வழி.

கடைக்குப் பின்னேரம் போங்கள், வேலை முடிந்த கையோடு. காலையில் இருந்த கால் பின்னேரம் இருக்காது, வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் அதே மேஸைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். இரண்டு காலுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும், அநேகம் பேருக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்குச் சரியானதை வாங்கி, சின்னதற்கு இன்னொரு உள்மெத்தை போட்டுவிடலாம். உள்மெத்தையைக் கழற்றித் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும், பக்கத்தில் சதை வெளியே வழியக்கூடாது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். பிறகு சப்பாத்தைப் போட்டு, குதிகாலை நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னுக்குத் தள்ளி, லேஸைக் கட்டிவிட்டு, குந்தியிருந்து பாருங்கள். கம்பி கட்டுகிறவன் நிற்பதை விடக் குந்துவதுதான் கூட. குந்தும்போது மூக்குத் தொப்பியின் பின்விளிம்பு விரல் மேல் அழுத்துகிறதா என்று அப்போதுதான் தெரியும். கடைக்குள் நாலு அடி நடந்து மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தான் மறுநாள் என்னிடம் வந்து மாற்றிக் கேட்பார்கள்.

எண்ணை நம்ப வேண்டாம். 8 என்று ஒரு சப்பாத்தில் போட்டிருப்பதும் 42 என்று இன்னொன்றில் போட்டிருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஐரோப்பிய அளவில் ஓர் எண் கூடினால் 6.7 மில்லிமீற்றர் கூடும், ஆங்கில அளவில் 8.5 மில்லிமீற்றர். அதற்கு மேல் செய்கிறவனுக்குச் செய்கிறவன் அச்சு வேறு. இதனால்தான் சேப்டி சப்பாத்தைப் போனில் பார்த்துக் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதை நான் விரும்புவதில்லை. ஏற்கெனவே போட்டுப் பார்த்த அதே மாதிரி என்றால் வேறு கதை.

வாங்கியதும் நேரே சைட்டுக்குப் போட்டுக்கொண்டு போகாமல், நாலைந்து பின்னேரம் வீட்டுக்குள் ஒவ்வொரு மணித்தியாலம் போட்டு நடங்கள். மண்ணோ அழுக்கோ படாமல் இருந்தால்தான் மாற்றிக் கேட்கவும் முகம் இருக்கும். பில்லை எறிந்துவிடாதீர்கள்.

மேஸ் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பள்ளிக்கூட நைலோன் மேஸைப் போட்டுக்கொண்டு எட்டு மணித்தியாலம் நின்றால், எவ்வளவு விலைச் சப்பாத்து என்றாலும் கால் வெந்துதான் போகும். தடித்த பருத்தி மேஸ் மூன்று சோடி வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் போடுங்கள். கழற்றியதைக் கம்பியில் காயவிட்டால் பின்னேரம் வீட்டுக்கு ஈரமில்லாமல் கொண்டுபோகலாம். இது ஒன்றைச் செய்தாலே எரிவு பாதி குறையும். லேஸை நடுப்பகுதியில் இறுக்கிக் கட்டுவதும் எரிவைக் கூட்டும். கால் முதுகு உயர்ந்தவர்கள் அந்த இடத்தில் லேஸைக் குறுக்கே விடாமல் அடுத்த ஓட்டைக்கு நேரே மேலே ஏற்றிக் கட்டலாம். இவ்வளவும் செய்து, சப்பாத்துக் கழற்றிய பிறகு இரவிலும் உள்ளங்கால் எரிந்தால், அது சப்பாத்துக் குற்றம் இல்லை. ஒருமுறை சீனி சோதித்துப் பாருங்கள், வயது குறைவு என்று விடாதீர்கள். சீனி வியாதி இருப்பவர்கள் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். உள்ளே கிடக்கும் சின்னக் கல்லுக்கூட அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாக்கிவிடும்.

மாரிக்கு என்ன செய்வது? தண்ணீர் போகாத சப்பாத்து என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பேன். எங்கள் மாரித் தண்ணீர் அடி வழியாக வருவதில்லை, கணுக்காலுக்கு மேலாக ஏறி உள்ளே இறங்கும். தண்ணீர் போகாத சப்பாத்து உள்ளே போன தண்ணீரை வெளியே விடவும் மாட்டாது. அதற்குப் பதில் கம் பூட்ஸ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நாளுக்குத் தோல், ஈர நாளுக்கும் கொங்கிறீட் நாளுக்கும் கம் பூட்ஸ். இரண்டுக்கும் உழைப்புப் பகிர்ந்து போவதால் இரண்டும் கூடக் காலம் வரும்.

கொங்கிறீட் நாளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரச் சீமெந்து கடும் காரம். அது கையில் பட்டால் கழுவுகிறோம், காலில் பட்டால் "பிறகு பார்ப்போம்" என்று விடுகிறோம். சப்பாத்துக்குள் போன சாந்து மேஸோடு ஊறி மணிக்கணக்கில் தோலைத் தின்னும், அப்போது வலிக்காது. இரவில் கழற்றும்போது தோல் வெந்து கறுத்திருக்கும். நெருப்புச் சுட்ட மாதிரித்தான், ஆற மாதக் கணக்காகும். கம் பூட்ஸ் போட்டால் காற்சட்டைக் காலை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் சாந்து வழிந்து நேரே உள்ளே இறங்கும். உள்ளே போய்விட்டால் அந்த இடத்திலேயே கழற்றி, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மேஸை மாற்றிப் போட வேண்டும். பாஸ் ஏசினால் ஏசட்டும். தோல் சப்பாத்துக்கும் சீமெந்து எதிரி, காரம் தோலை விறைக்க வைத்து வெடிக்கப் பண்ணும். பட்ட அன்றே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

கம் பூட்ஸ் படுவான்கரைப் பக்கத்து வெள்ளாமைக்காரர்களுக்கும் வேண்டியதுதான். சேற்றுக்குள் இறங்கி நடுகிறவனுக்கு அது சரிவராது, சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் மேலே வரும். ஆனால் வரம்பில் நடக்கும்போதும், அறுவடை நேரம் காய்ந்த வயலுக்குள் போகும்போதும் போட வேண்டும், புடையன் பாம்பு கொத்துவது பெரும்பாலும் காலில்தான். எலிக்காய்ச்சல் கிருமியும் தேங்கின தண்ணீரில் இருந்து கால் வெடிப்பு வழியாகப் போகிறது. அதற்குப் பூட்ஸ் மட்டும் போதாது, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) முன்கூட்டி எடுக்கும் மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள்.

நனைந்த சப்பாத்தை அடுப்புக்குப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ காயவைப்பதுதான் அதைக் கொல்லுவதற்குச் சுலபமான வழி. தோல் விறைக்கும், பசை இளகும். உள்மெத்தையைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றோட்டமான நிழலில் சாய்த்து வையுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஒரு இரவில் காயாது, அதற்குத்தான் இரண்டாவது சோடி. பூஞ்சணம் பிடித்தால் துடைத்துவிட்டுப் பொலிஷ் போடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. ஒரு துளி துணியில் தொட்டுத் தேய்த்தால் தோல் மெதுவாகும். வழிய வழியப் பூசினால் எண்ணெய் ஒட்டின ஓரத்துக்குள் இறங்கிப் பசையை விடப்பண்ணும், ஊறின தோலும் தொய்ந்துபோகும். கடற்கரையோரச் சைட்டில் வேலை என்றால் கிழமைக்கொருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் உப்பைத் துடைக்க வேண்டும்.

காசுக் கணக்கு. பேச்சுக்குச் சொல்கிறேன், மூவாயிரத்து அறுநூறு ரூபாய்ச் சப்பாத்து மூன்று மாதம் வந்தால் மாதம் ஆயிரத்து இருநூறு. ஏழாயிரத்து இருநூறு ரூபாய்ச் சப்பாத்து ஒரு வருடம் வந்தால் மாதம் அறுநூறு. இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும், ஆனால் கையில் மூவாயிரம்தான் இருக்கும் மாதத்தில் கணக்கு என்ன செய்யும்? அந்த மாதத்தில் ஆணித்தடை வைத்த கம் பூட்ஸை வாங்கிச் சமாளியுங்கள் என்று பையன்களுக்குச் சொல்வேன். எஸ் 5 என்று எழுதியிருக்கும், மூக்கும் தகடும் உண்டு. வெயிலில் கால் அவியும், மேஸை இரண்டு தரம் மாற்ற வேண்டிவரும், ஆனால் ஆணி ஏறாது. எழுத்தில்லாத மலிவுச் சப்பாத்தை விட அது திறம்.

உங்களிடம் எட்டாயிரம் இருக்கிறது. ஆறரை, ஏழுக்குள் வார்த்த அடி உள்ள எஸ் 3 அல்லது எஸ் 1 பி ஒன்றைத் தேடுங்கள், மிச்சத்தில் மேஸ். கம் பூட்ஸ் மாரி தொடங்குமுன் அடுத்த சம்பளத்தில். அதற்கு முன் ஒரு கேள்வி: கொந்திராத்துக்காரரிடம் கேட்டுப் பார்த்தீர்களா? பல சைட்டுகளில் கேட்கிறவனுக்குக் கிடைக்கிறது, கேட்காதவன் தன் காசில் வாங்குகிறான். மட்டக்களப்பு பசார், கல்முனை பசார், அக்கரைப்பற்று இங்கெல்லாம் சேப்டி சூ சப்பாத்துக் கடையை விட ஹார்ட்வெயார் கடைகளில்தான் வகை கூட. பாட்டா, டி.எஸ்.ஐ. என்று தெரிந்த பெயர்களையும் பாருங்கள். ஆனால் பெயர் எதுவானாலும் ஓரக் கோடு, செய்த திகதி, எழுத்து, குந்திப் பார்ப்பது இந்த நான்கிலும் தேறாததை விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது அந்த வாய் பிளந்த பழைய சப்பாத்தின் உள்மெத்தையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். போட்ட நாட்களில் உங்கள் கால் அதில் அச்சாகப் பதிந்திருக்கும். சுண்டுவிரல் எந்த இடத்தில் விளிம்பைத் தாண்டி வெளியே போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். புதிய சப்பாத்தின் உள்மெத்தையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் புதியது அரை விரல் அகலமாவது கூட இருந்தால் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடைக்கு நடவுங்கள்.